மலைப்பனி ஸ்னோமொபைலில் டிராக் வேகம்: வழியில் தொலைவதை மீட்பது

மலைப்பனிக்கென்றே செய்யப்பட்ட ஸ்னோமொபைலை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: ஏற்றத்தில் டிராக், அதாவது வண்டியை உந்தும் ரப்பர்ப் பட்டை, சுற்றும் வேகம் போதவில்லை, எதை மாற்றலாம்? கேட்கும்போதே அவர்கள் மனத்தில் புதிய எக்ஸாஸ்ட் பைப், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு வேறு மென்பொருள், முடிந்தால் ஒரு டர்போ என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். நான் திருப்பிக் கேட்பவை இரண்டு. ஏற்றத்தின் நடுவில் முழுத் திராட்டிலில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுழற்சியில்) நின்றது? வண்டியை நிறுத்தியதும், எஞ்சினின் திறனைப் பெல்ட் வழியே டிராக்குக்கு அனுப்பும் கிளட்ச் கை வைக்கக்கூடிய சூட்டில் இருந்ததா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எஞ்சினைத் தொடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஞ்சின் தரும் திறனில் கணிசமான பங்கு, கிராங்க் தண்டிலிருந்து டிராக்கின் பேடில்களுக்கு (பனியைத் தள்ளும் ரப்பர்த் துடுப்புகளுக்கு) போய்ச் சேர்வதற்குள் வெப்பமாகவும் உராய்வாகவும் தொலைகிறது. அதை மீட்பதே செலவு குறைந்த, நீடித்து நிற்கும் வழி என்பது என் உறுதியான கருத்து.

டிராக் வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முகப்பில் தெரியும் வேக அளவு, டிராக்கை இயக்கும் தண்டுத் தொடரில் ஒன்றின் சுழற்சியை எண்ணிச் சொல்லப்படுவது. வண்டி நிலத்தின்மீது நகரும் வேகம் அன்று. இறுகிய பாதையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆழமான தூள்பனியில், அதிலும் ஏற்றத்தில், டிராக் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கையில் வண்டி அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்த வேறுபாடு முழுவதும் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. பேடில்கள் பனியைப் பின்னுக்குத் தள்ளும் வேகத்திலிருந்துதான் உந்துவிசை பிறக்கிறது. டிராக் மெதுவானால் பேடில்கள் பனியைப் பின்னால் வீசுவதை விட்டு, நின்ற இடத்திலேயே தோண்டத் தொடங்குகின்றன. வண்டியின் பின்புறம் அமிழ்கிறது, மூக்கு உயர்கிறது, எதிர்ப்பு கூடுகிறது, டிராக் இன்னும் மெதுவாகிறது. இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் சில நொடிகளில் வண்டி புதைந்து நின்றுவிடும். ஆகவே நாம் தேடுவது மிக உயர்ந்த ஓர் எண்ணை அல்ல. சுமை கூடும் கணத்திலும் விழாமல் நிற்கும் டிராக் வேகத்தை.

எஞ்சின் பக்கத்தில் நான் கவனிப்பது ஆர்.பி.எம். ஒன்றைத்தான். மலை வண்டிகளில் பெரும்பாலானவை 800 முதல் 850 சி.சி. வரையிலான இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அவற்றின் உச்சத் திறன், தயாரிப்பைப் பொறுத்து ஏறத்தாழ 7,900 முதல் 8,300 ஆர்.பி.எம். வரையிலான எல்லைக்குள் ஒரு குறுகிய பட்டையில் கிடைக்கிறது. அந்தப் பட்டையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு எக்ஸாஸ்ட் பைப்புக்கு உண்டு. வெளியேறும் அழுத்த அலை பைப்பின் ஒடுங்கும் பகுதியில் பட்டுத் திரும்பி வந்து, வெளியே நழுவவிருந்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும் கணம் பொருந்தினால்தான் திறன் எழும். பைப் சூடாகச் சூடாக அதனுள் ஒலியின் வேகம் கூடுவதால், உச்சத் திறன் கிடைக்கும் ஆர்.பி.எம்.மும் சற்று மேலே நகர்கிறது. இதனால்தான் வாகன நிறுத்தத்தில் ஒரு குறுகிய ஓட்டத்தில் சரியாகத் தெரிந்த கிளட்ச் அமைப்பு, நீண்ட ஏற்றத்தில் பொருந்தாமல் போகிறது. பைப் நன்கு சூடேறிய பின் கிடைக்கும் ஆர்.பி.எம்.மையே நான் கணக்கில் கொள்கிறேன். கையேட்டில் உள்ள எண்ணுக்கு 200 குறைவாகவோ கூடுதலாகவோ எஞ்சின் நின்றால், டிராக் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

இங்கே உயரம் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 2,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 82 விழுக்காடு, 3,000 மீட்டரில் ஏறத்தாழ 74 விழுக்காடு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தோராயமாக 3 விழுக்காடு திறனை இழக்கும் என்று ஓட்டுநர்கள் வைத்திருக்கும் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. எரிபொருளைத் தெளிக்கும் இன்றைய எஞ்சின்கள் காற்றழுத்தத்தை அறிந்து கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. கார்பரேட்டர் வண்டிகளில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை நாம் மாற்ற வேண்டும். ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் கிளட்சுக்கு உயரம் தெரியாது. 1,000 மீட்டரில் பொருந்திய கிளட்ச் எடைகளோடு 3,000 மீட்டருக்குப் போனால், திறன் குறைந்த எஞ்சினால் அந்த எடைகளின் இழுப்பைத் தாங்க முடியாமல் ஆர்.பி.எம். சரியும். சரிந்த ஆர்.பி.எம்.மில் திறன் மேலும் குறையும். உயரத்தில் வண்டி உயிரில்லாமல் ஓடுவதாகத் தோன்றும் பல இடங்களில் மெல்லிய காற்று பாதிக் காரணம்தான். அதற்கேற்ப மாற்றப்படாத கிளட்ச் மீதிக் காரணம். உயரத்தில் இழப்பதை நேராகவே ஈடுகட்ட நிறுவனங்கள் டர்போவுக்குப் போயின: ஸ்கீ-டூ 2020 மாடல் சம்மிட் என்னும் மலை வண்டியிலும், போலாரிஸ் 2022 மாடலிலும் தொழிற்சாலையிலிருந்தே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைக் கொண்டுவந்தன. அவற்றுக்கும் கிளட்ச் வேலை உண்டு, ஆனால் உயரத்துக்கு ஏற்ப மாற்றவேண்டிய அளவு குறைவு.

கிளட்ச் என்பது ஒரு பெல்ட் இணைக்கும் இரண்டு கப்பிகள்: எஞ்சின் பக்கத்தில் பிரைமரி, டிராக் பக்கத்தில் செகண்டரி. பிரைமரி கிளட்சுக்குள் இரண்டு விசைகள் எதிரெதிரே நிற்கின்றன. எடைகள் சுழற்சியால் வெளியே வீசப்பட்டு, கூம்புத் தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றப் பார்க்கும். ஸ்பிரிங் அதைத் தடுக்கும். எடை கூடினால் ஆர்.பி.எம். குறையும், எடை குறைந்தால் ஆர்.பி.எம். கூடும். மூன்று எடைகள் உள்ள கிளட்சில் ஒவ்வோர் எடையிலும் 1 கிராம் மாற்றினால் ஏறத்தாழ 100 ஆர்.பி.எம். மாறும் என்ற நடைமுறைக் கணக்கு தொடங்குவதற்குப் போதுமானது. மூன்றும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆயினும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்பிரிங்கை 140/330 என்பது போல இரண்டு எண்களால் குறிப்பிடுவார்கள். முதல் எண் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் ஆர்.பி.எம்.மையும், இரண்டாவது எண் முழுவதும் ஏறிய நிலையில் நிற்கும் ஆர்.பி.எம்.மையும் பெரிதும் பாதிக்கும். தாழ்ந்த வேகத்தில் ஆர்.பி.எம். சரியாக இருந்து, வேகம் ஏற ஏற அது விழுந்தால், எல்லா எடையையும் குறைப்பது தவறான மருந்து. எடையின் நுனியில் உள்ள பாரத்தைக் குறைப்பதோ, இரண்டாவது எண் கூடிய ஸ்பிரிங்கைப் போடுவதோ பொருந்தும். நுனிப் பாரம் மேல்முனை ஆர்.பி.எம்.மையும், அடிப்பகுதிப் பாரம் தொடக்கத்தையும் ஆள்வதால், பாரத்தை இடம் மாற்றக்கூடிய எடைகளை நான் விரும்புகிறேன். சில கிளட்சுகளில், எடைகளின் விசை செயல்படும் சரிவுத் தகட்டின் கோணத்தை வெளியிலிருந்தே திருகி மாற்றும் கிளிக்கர்கள் இருக்கின்றன. மலையின் அடிவாரத்தில் ஒரு நிலையும் மேலே ஒரு நிலையும் என்று வைத்துக்கொள்ள அவை மிகவும் உதவும்.

செகண்டரி கிளட்ச்சைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு டிராக் வேகத்தின் நிலைத்தன்மை முழுவதும் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. செகண்டரி சுமையை உணரும் உறுப்பு. டிராக் இழுக்கும் முறுக்குவிசை, ஹீலிக்ஸ் என்னும் திருகு வடிவப் பாகத்தின் சாய்வான விளிம்பில் ஏறி, பெல்ட்டைப் பக்கவாட்டில் நெருக்கும் விசையாக மாறுகிறது. ஹீலிக்ஸின் கோணம் குறைவாக இருந்தால் நெருக்கம் கூடும், பெல்ட் மேலேறுவது தாமதமாகும், ஆர்.பி.எம். உயர்ந்து நிற்கும், சுமை திடீரெனக் கூடும்போது விகிதம் உடனே கீழே இறங்கும். கோணம் கூடினால் பெல்ட் விரைந்து மேலேறும். இறுகிய பனியில் முடுக்கம் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் ஆழமான பனிக்குழி ஒன்றில் நுழையும்போது விகிதம் கீழே வரத் தயங்கி எஞ்சினைத் திணறவைக்கும். மலையில் சுமை ஒரு நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே உச்ச வேகத்தில் 2 கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தாவது விரைவாகக் கீழிறங்கும் செகண்டரியை வைத்துக்கொள்வேன். அதே சமயம் ஸ்பிரிங்கையும் அளவுக்கு மீறி இறுக்கி, கோணத்தையும் மிகக் குறைத்தால், பெல்ட்டை நசுக்குவதிலேயே திறன் செலவாகி ஆர்.பி.எம். அழகாக இருக்கும், டிராக் வேகம் இருக்காது. ஆர்.பி.எம். சரி, கிளட்ச் சூடு அதிகம், டிராக் வேகம் குறைவு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

சூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் டிராக்குக்குப் போகாத திறன் எங்கே போனது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி, எல்லாம் முழுவதும் நின்ற பிறகு பெல்ட் காப்பைத் திறந்து, இரண்டு கிளட்சுகளின் சூட்டையும் பார்க்கிறேன். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பெல்ட் 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி; 90-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பிரைமரி மட்டும் சூடாக இருந்தால் பெல்ட் அங்கே வழுக்குகிறது. செகண்டரி மட்டும் என்றால் அங்கே நெருக்கம் போதவில்லை அல்லது தட்டு தடையின்றி நகரவில்லை. தேய்ந்து அகலம் குறைந்த பெல்ட், பளபளப்பேறிய பெல்ட், ரப்பர் படிந்த தட்டுகள், ஒரே கோட்டில் இல்லாத கிளட்சுகள், தேய்ந்த உருளைகளும் புஷ்களும் ஆகிய எதுவும் விலையுயர்ந்த எடைத் தொகுப்பின் பயனை அழித்துவிடும். பெல்ட்டின் தொய்வையும் சரிபார்க்க வேண்டும்: ஓய்வு நிலையில் பெல்ட் செகண்டரியின் விளிம்போடு சமமாகவோ மிகச் சற்று மேலாகவோ நிற்க வேண்டும்; கீழே அமிழ்ந்திருந்தால் தொடக்க விகிதத்தை இழக்கிறோம், மிக மேலே இருந்தால் வண்டி நிற்கும்போதே ஊர்ந்து போகும்.

அடுத்தது பல்சக்கர விகிதம்: செகண்டரியிலிருந்து டிராக்கின் டிரைவ் தண்டுக்குத் திறனைக் கொண்டுபோகும் மேல், கீழ்ப் பல்சக்கரங்களின் விகிதம். நான் மிக அதிகமாகப் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான், ஏனெனில் டிராக் வேகத்தைக் கூட்ட உயர்ந்த விகிதம் (மேலே பெரிய பல்சக்கரம்) வேண்டும் என்று முதலில் தோன்றுவது மலையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கணக்கைப் பார்ப்போம். மேல் பல்சக்கரத்தில் 19 பற்கள், கீழ்ப் பல்சக்கரத்தில் 50 என்றால் விகிதம் 2.63. எஞ்சின் 8,000 ஆர்.பி.எம்.மிலும் கிளட்ச் ஒன்றுக்கு ஒன்றிலும் நின்றால் டிரைவ் தண்டு நிமிடத்துக்கு 3,040 முறை சுற்றும். டிராக்கின் பிட்ச் (அடுத்தடுத்த பற்பிடிகளுக்கு இடையிலான தூரம்) 3 அங்குலம், டிராக்கைச் சுழற்றும் பற்சக்கரமான டிரைவரில் 7 பற்கள் என்றால் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீட்டர். 2.86 அங்குல பிட்ச்சும் 8 பற்களும் கொண்ட அமைப்பில் ஒரு சுற்றுக்கு 22.88 அங்குலம் வருவதால், அதே விகிதத்தில் 106 கிலோமீட்டர் ஆகிறது. டிராக்கையும் டிரைவரையும் மாற்றுபவர்கள் இந்த 9 விழுக்காட்டு வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், விகிதத்தைத் தெரியாமலே உயர்த்தியவர்களாகிவிடுவார்கள்.

இப்போது ஏற்றத்தில் நடப்பதைப் பாருங்கள். ஆழமான பனியில் டிராக் 50 கிலோமீட்டரில் சுற்றுகிறது என்றால், 97 கிலோமீட்டர் அமைப்பில் கிளட்ச் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் பெல்ட் பிரைமரியின் சிறிய ஆரத்தில் கூர்மையாக வளைந்து, குறைந்த பரப்பில் முழுத் திறனையும் தாங்க வேண்டியிருக்கிறது. வழுக்கலும் வெப்பமும் அங்கேதான் அதிகம். விகிதத்தைத் தாழ்த்தினால், அதாவது மேல் பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால், அதே 50 கிலோமீட்டரில் பெல்ட் பிரைமரியில் மேலே ஏறி, ஒன்றுக்கு ஒன்றை நோக்கி நகர்கிறது. வளைவு தளர்கிறது, பிடிப்பு கூடுகிறது, கிளட்ச் குளிர்கிறது. மிச்சமான திறன் டிராக்குக்குப் போய், வேக அளவு 53 அல்லது 54 என்று காட்டத் தொடங்குகிறது. பாதையில் உச்ச வேகம் குறையும் என்பது உண்மைதான். மலைக்காக வாங்கிய வண்டியில் அது எனக்கு ஒரு இழப்பாகத் தெரியவில்லை. இதை ஊகத்துக்கு விடாமல் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது பிரைமரித் தட்டின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, வழக்கமான ஏற்றம் ஒன்றை முழுத் திராட்டிலில் ஏறி வந்து பார்க்க வேண்டும். பெல்ட் உரசிய தூரம் வரை கோடு அழிந்திருக்கும். பாதிக்கு மேல் கோடு அப்படியே இருந்தால், உங்கள் வண்டி நீங்கள் ஓட்டும் மலைக்கு மிக உயர்ந்த விகிதத்தில் இருக்கிறது.

செயின்கேஸ் (பல்சக்கரங்களும் சங்கிலியும் எண்ணெயில் ஓடும் பெட்டி) உள்ள வண்டிகளில் விகிதம் மாற்றும்போது சங்கிலியின் நீளத்தையும் இழுவிசையையும், எண்ணெயின் அளவையும் கவனித்துக்கொள்ள வேண்டும். போலாரிஸ் 2013 மாடல் மலை வண்டிகளில் கொண்டுவந்த பல் பெல்ட் இயக்கம் போன்றவற்றில் எண்ணெயின் இழுப்பு இல்லை, சுழலும் எடையும் குறைவு. ஆனால் விகிதங்களின் தேர்வு கிடைக்கும் பல்சக்கரங்களுக்குக் கட்டுப்பட்டது.

பிறகு டிராக்கும் அதன் உராய்வும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டிராக்கைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிரேக் தட்டு உரசுகிறதா, டிராக்கின் உட்புறம் உருளும் போகி சக்கரங்களின் பேரிங்குகள் கரகரக்கின்றனவா, டிராக் ஒரு பக்கமாக ஓடி வழிகாட்டிக் கிளிப்புகள் ரெயிலைத் தேய்க்கின்றனவா என்பவற்றை அப்போதே சரிசெய்ய வேண்டும். மிக இறுக்கமான டிராக் வேகத்தைத் தின்கிறது. மிகத் தளர்ந்தது டிரைவரின் பற்களைத் தாண்டிக் குதிக்கும். கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டுத் தொய்வை அளந்து, அனுமதிக்கப்பட்ட எல்லையின் தளர்ந்த பக்கத்தில் வைப்பது என் வழக்கம். டிராக் வழுக்கி ஓடும் ஸ்லைடு ரெயிலின் ஹைஃபாக்ஸ் என்னும் பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பனிதான் மசகு. இறுகிய பாதையில் மலையடிவாரம் வரை ஓட்டிப் போகும்போது பாதையைக் கீறிப் பனியைத் தெறிக்கவிடும் பனிச்சுரண்டிகளை இறக்கி வைக்காவிட்டால், பட்டைகள் சூடேறி இளகி, அந்த நாள் முழுவதும் டிராக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

டிராக்கைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஆசையைக் கட்டுப்படுத்தச் சொல்வேன். 3 அங்குல உயரமுள்ள பேடில் ஒவ்வொன்றும் 2.5 அங்குல பேடிலைவிட அதிகப் பனியை அள்ளுகிறது. அந்தப் பனியை நகர்த்தும் திறன் எங்கிருந்தோ வர வேண்டும். 3,000 மீட்டரில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 3 அங்குலமும் 174 அங்குல நீளமும் பல நாட்களில் கனமாகிவிடும். மறுபுறம், நீளம் கூடினால் வண்டி பனியின்மேல் மிதக்கிறது, அமிழ்வது குறைகிறது. ஆகவே 165 அங்குல டிராக் 154-ஐவிடச் சற்று மெதுவாகச் சுற்றினாலும் மேட்டில் முன்னால் போய்விடக்கூடும். டிராக்கின் எடையும் முக்கியம், ஏனெனில் ஒவ்வொரு முடுக்கத்திலும் அந்த ரப்பர் முழுவதையும் வேகமேற்ற வேண்டியிருக்கிறது. தினமும் ஓட்டத்தின் முடிவில் சஸ்பென்ஷனிலும் டிராக்கை மூடிய டனலிலும் ஒட்டிய பனியைத் தட்டி அகற்றாவிட்டால், இரவில் அது பனிக்கட்டியாகி, மறுநாள் காலை நாம் விலை கொடுத்துக் குறைத்த எடையையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

சோதனை செய்யும் முறை இல்லாமல் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை. பனி மணிக்கு மணி மாறும் பொருள். காலையில் பழைய அமைப்பும் மதியத்தில் புதிய அமைப்புமாக ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரே சரிவில், தொடப்படாத பனியில் அருகருகே கோடு போட்டு, பழையது, புதியது, மீண்டும் பழையது என்ற வரிசையில் ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உயரம், வெப்பநிலை, நிலைத்து நின்ற ஆர்.பி.எம்., டிராக் வேகம், ஜி.பி.எஸ். காட்டிய நில வேகம், இரு கிளட்சுகளின் சூடு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். சோதனைச் சரிவு 30 டிகிரிக்குக் குறைவானதாகவும், அதற்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் உடைகின்றன; வேக அளவில் கண் வைத்திருப்பவர் மலையில் கண் வைத்திருப்பதில்லை. அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைப் படிப்பதும், டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனியைக் குத்தித் தேடும் கம்பு), மண்வெட்டி மூன்றோடும் துணையோடும் போவதும் இந்த வேலையின் பகுதிகளே. பெல்ட் காப்பு இல்லாமல் எஞ்சினை இயக்கக் கூடாது. தூக்கி நிறுத்திய வண்டியில் டிராக்கை எஞ்சினால் சுற்றும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

குறிப்பேட்டில் ஒருவகைப் பதிவு வரும்போது கிளட்ச்சை விட்டு சஸ்பென்ஷனுக்குப் போக வேண்டும்: ஆர்.பி.எம். சரியான இடத்தில் நிற்கிறது, பெல்ட் குளிர்ச்சியாக இருக்கிறது, டிராக் வேகம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனால் ஜி.பி.எஸ். வேகம் அசையவில்லை. கூடுதல் வேகம் பள்ளம் தோண்டுவதில் போகிறது என்பது அதன் பொருள். சஸ்பென்ஷனின் முன்பகுதி கீழிறங்குவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டை நீளமாக இருந்தால் எடை பின்னுக்குப் போய், டிராக் பனியைச் செங்குத்தாகச் சந்தித்துக் குழி வெட்டும். பட்டையை ஒரு துளை உள்ளே இழுத்தால் டிராக்கின் முன்பகுதி படுத்து, வண்டி பனியின்மேல் ஏறிப் போகும். ஸ்கீக்களின் மேல் பாரம் சற்றுக் கூடும், பக்கவாட்டில் சாய்த்து ஓட்டுவதும் சற்றுக் கடினமாகும். பின் ஷாக்கின் முன்னழுத்தம் ஓட்டுநரின் எடைக்குக் குறைவாக இருந்தாலும் இதே விளைவு வரும் என்பதால், பட்டையைத் தொடுவதற்கு முன் முழு உடையோடும் முதுகுப் பையோடும் ஏறி நின்று, பின்புறம் எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்துகொள்கிறேன். அது கையேட்டின் அளவுக்குள் வந்த பிறகும் ஜி.பி.எஸ். எண் அசையவில்லை என்றால்தான் பட்டைக்கு வருகிறேன்; ஒரு துளை இழுத்து, அதே சரிவில், புதிய கோட்டில் ஏறிப் பார்க்கிறேன்.